புதுத் தோல் போர்த்திய பாதம்



கொல்லிமலையிலுள்ள பைல் நாட்டிலிருந்து ஒரு தகப்பனார் இப்பக்கத்திற்குக் கடிதம் எழுதியிருக்கிறார். தம் பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறார், அப்படியே செய்கிறேன். அவருடைய எட்டு வயது மகன், தாய்மாமனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து சென்றபோது, தொங்கிக்கொண்டிருந்த கால் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் சிக்கிக் குதிகாலின் தோல் கிழிந்துவிட்டது. முதல் நாள் அது பெரிய காயமாகத் தோன்றவில்லையாம். மஞ்சளும் காப்பித் தூளும் வைத்துக் கட்டி, நான்கு நாட்கள் வீட்டிலேயே வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் தோல் கறுத்து, நாற்றமெடுத்து, காய்ச்சலும் கண்டது. அதன்பின் மலையிறங்கிச் சமவெளியிலுள்ள ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே கெட்டுப்போன தோலையும் சதையையும் அகற்றி, பிள்ளையின் தொடையிலிருந்து தோலெடுத்துப் பாதத்தில் ஒட்டினார்கள். இவையெல்லாம் நடந்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. பையன் நடக்கிறான், ஓடவும் தொடங்கிவிட்டான்.

கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. "என் தோலை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாய் மன்றாடியும், அடிபட்ட பிள்ளையின் உடம்பிலேயே மறுபடியும் கத்தி வைத்தது ஏன்?" என்பது முதற் கேள்வி. "சிறு காயம் இவ்வளவு பெரிதானதற்கு யார் காரணம்?" என்பது இரண்டாவது. இக்கேள்விக்குப் பின்னே ஒரு துயரம் இருக்கிறது. வண்டி ஓட்டிய மைத்துனர் அன்றுமுதல் அவ்வீட்டு வாசலை மிதிக்கவில்லை. "காயம்தான் ஆறிவிட்டதே, இன்னும் மாதந்தோறும் பிள்ளையைக் கொண்டுவரச் சொல்கிறார்கள், ஒரு நாள் கூலியும் போய், பேருந்துச் செலவும் ஆகிறது, போகத்தான் வேண்டுமா?" என்பது மூன்றாவது.

கடைசியில், ஆறுதலாக ஒரு வரியும் சேர்த்திருக்கிறார்: "ஒட்டிய இடம் நன்றாக உரத்துவிட்டது, சாமி. முள் குத்தினாலும் பையன் அழுவதில்லை." அந்தத் தகப்பனார் மகிழ்ச்சியோடு எழுதிய அந்த ஒரு வரிக்காகவே இம்மாதப் பக்கம் முழுவதையும் இதற்கென ஒதுக்கியிருக்கிறேன். ஏன் என்பது போகப்போக விளங்கும்.

தாயின் தோல் ஏன் ஆகாது?

பிள்ளைக்காகத் தன் தோலையே உரித்துத் தர முன்வந்த அந்தத் தாயின் அன்பை மருத்துவர் அலட்சியம் செய்யவில்லை. ஏற்க இயலாத கொடையாக அது இருந்ததே காரணம். நம் உடல், தன்னுடையது எது, பிறருடையது எது என்பதை நுட்பமாகப் பிரித்தறியும் ஆற்றல் உடையது. நோய்க்கிருமிகளை அடையாளங்கண்டு விரட்டுகின்ற அதே காவற்படை, வேறொருவரின் தோலையும் அந்நியமென்று கண்டு விரட்டிவிடுகிறது. பெற்ற தாயின் தோலாயினும், உடன்பிறந்தாரின் தோலாயினும், சில நாட்கள் ஒட்டியதுபோல் இருந்து பின்பு அழிந்து உதிர்ந்துவிடும். உருவத்திலும் கருவிலும் ஒன்றான இரட்டையர் மட்டுமே இவ்விதிக்கு விலக்கு.

இதை உலகம் தெளிவாக அறிந்துகொண்டது இரண்டாம் உலகப்போர்க் காலத்தில்தான். ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், தீக்காயமுற்ற ஒரு பெண்ணுக்கு அவருடைய சகோதரரின் தோலைச் சிறு சிறு துண்டுகளாக ஒட்டிப் பார்த்தார்கள் தாமஸ் கிப்சன் என்ற அறுவை மருத்துவரும் பீட்டர் மெடவார் என்ற ஆராய்ச்சியாளரும். முதன்முறை ஒட்டியவை சில நாட்களில் அழிந்தன. இரண்டாம் முறை ஒட்டியவை அதனினும் விரைவில் அழிந்தன. உடல் ஒருமுறை கண்ட அந்நியனை நினைவில் வைத்துக்கொள்கிறது என்பது இதனால் விளங்கிற்று. 1943-இல் அவர்கள் வெளியிட்ட இந்த ஆய்வு, உறுப்பு மாற்று மருத்துவத்திற்கே அடித்தளமாயிற்று. மெடவாருக்கு 1960-இல் நோபல் பரிசு கிடைத்தது. இறந்தோர் கொடையாக அளித்த தோலைப் பாதுகாக்கும் தோல் வங்கிகள் இன்று நம் நாட்டிலும் உண்டு. பெருந்தீக்காயம் பட்டவர்களுக்கு அத்தோல் தற்காலிகப் போர்வையாகப் பயன்பட்டு உயிர்காக்கிறது. ஆனால், நிலையாக ஒட்டி வாழ்வது அவரவர் தோல் மட்டுமே.

தொடையில் கத்தி வைத்தது கண்டு பெற்றோர் கலங்க வேண்டியதில்லை. அங்கே தோல் முழு ஆழத்திற்கும் எடுக்கப்படுவதில்லை. மேற்பகுதி மட்டும், ஒரு மில்லிமீட்டரில் பாதிக்கும் குறைவான கனத்தில், கண்ணாடித் தாள்போல் சீவியெடுக்கப்படுகிறது. மயிர்க்கால்களும் வியர்வைச் சுரப்பிகளும் அடியிலேயே தங்கிவிடுவதால், அரிந்த புல் வேரிலிருந்து மீண்டும் தளிர்ப்பதைப்போல், அவ்விடத்தில் ஏறக்குறைய இரண்டு வாரங்களில் தானாகவே புதுத்தோல் மூடிக்கொள்கிறது. சில காலம் நிறம் மாறித் தோன்றும், அவ்வளவுதான். ஆகவே அந்தத் தாய்க்கு நான் சொல்வது இது: அம்மா, உங்கள் தோல் பயன்படவில்லை, ஆனால் உங்கள் கண்ணும் கையும் இனித்தான் பயன்படப்போகின்றன.

சிறு காயம் பெரிதானது எப்படி?

சக்கரக் கம்பியில் சிக்கிய கால், கத்தி வெட்டிய காலைப் போன்றதன்று. கத்தி வெட்டுகிறது, சுழலும் சக்கரமோ நசுக்கவும் திருகவும் உரிக்கவும் செய்கிறது. சில பிள்ளைகளுக்குக் காலுறையை உருவியது போலத் தோல் அடியிலிருந்து பிரிந்துவிடும். மேலே பார்த்தால் தோல் இருக்கும். அதற்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்கள் அடியில் அறுந்திருக்கும். அத்தோல் உடனே சாவதில்லை. வேரறுந்த செடி வாடச் சில நாட்கள் ஆவதைப்போல், மூன்று நான்கு நாட்கள் சென்றபின்னரே கறுக்கிறது. முதல் நாள் பார்த்து, "சின்னக் காயம்தான்" என்று மனம் தேறுவது இதனால்தான். ஏமாற்றியது காயத்தின் இயல்பு. எவருடைய தீய எண்ணமும் அன்று. எனினும் சக்கரத்தில் சிக்கிய கால் எதுவாயினும், தோல் கிழியாவிட்டாலும்கூட, அன்றே மருத்துவரிடம் காட்டப்பட வேண்டும் என்பதை நாமனைவரும் இதிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டும்.

பாதத்தின் அமைப்பும் இக்காயங்களைக் கடினமாக்குகிறது. உள்ளங்காலின் தோல் உடலிலேயே மிகத் தடித்தது. குதிகாலின் அடியில் நார்ச்சுவர்களுக்கிடையே சிறுசிறு அறைகளில் கொழுப்பு நிரம்பி, மெத்தைபோல் அமைந்திருக்கிறது. நாம் எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் அந்த மெத்தை தாங்குகிறது. அதற்கு ஈடான தோல் உடலில் வேறெங்கும் இல்லை. குதிகாலின் பின்புறத்திலும் பாதத்தின் மேற்புறத்திலுமோ தோல் மெல்லியது. அதற்குச் சற்றுக் கீழேயே தசைநாண்களும் எலும்பும் இருக்கின்றன. கிழிந்தால் அவை வெளியே தெரிகின்றன.

இப்படிப்பட்ட காயம் நேரும்போது வீட்டில் செய்ய வேண்டியவை சிலவே. இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள். கொட்டுவது நின்றபின் நல்ல தண்ணீரை ஓடவிட்டு மண்ணையும் கிரீசையும் கழுவுங்கள். சுத்தமான துணியால் மூடி, காலை உயர்த்தி வையுங்கள். தொங்கும் தோலை வெட்டியெறிய வேண்டாம். பிய்ந்து விழுந்த தோல் துண்டு இருந்தால், ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டியின்மேல் வைத்து உடன் கொண்டுசெல்லுங்கள். தோல் நேரே பனிக்கட்டியில் படலாகாது. சில வேளைகளில் அதையே பக்குவப்படுத்தித் திரும்ப ஒட்டிவிட மருத்துவரால் இயலும். மஞ்சள், காப்பித் தூள், சாம்பல், சாணம், புகையிலை, பச்சிலைச் சாறு ஆகிய எதுவும் திறந்த காயத்தில் படலாகாது. அவை கிருமிகளைக் கொண்டுவருவதோடு, காயத்தின் உண்மை நிறத்தையும் மறைத்துவிடுகின்றன. பிள்ளை கடைசியாக எப்போது சாப்பிட்டது என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுக்க அது தேவைப்படும். ரண ஜன்னி தடுப்பூசி போட்டிருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

பைல் நாட்டிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்குவது எளிதன்று என்பதை அறிவேன். ஆனால் பணத்திற்கு அஞ்சி ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். 108 ஆம்புலன்சு சேவை 2008 முதல் நம் மாநிலத்தில் நடந்துவருகிறது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் "இன்னுயிர் காப்போம்" திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிற்று. வண்டிச் சக்கரத்தில் கால் சிக்கியதும் சாலை விபத்தே. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இல்லாத குடும்பங்கள், ஆபத்து வருமுன்னரே அதைப் பெற்று வைத்துக்கொள்வது நலம்.

ஒட்டுத்தோல் வேர்பிடிக்கும் நாட்கள்

தோல் ஒட்டும் மருத்துவம் நேற்றுத் தோன்றியதன்று. நெற்றித் தோலை மடலாகத் திருப்பி, அறுபட்ட மூக்கைச் சீர்செய்யும் கலையைப் புனே நகரத்து மருத்துவர் ஒருவரின் கையில் கண்டு ஆங்கிலேயர் வியந்தனர். அச்செய்தி 1794-இல் இலண்டன் இதழொன்றில் வெளியாகி, ஐரோப்பிய மருத்துவர்களை விழித்தெழச் செய்தது. சிறு தோல் துண்டுகளைப் பிரித்தெடுத்துப் புண்ணின்மேல் விதைப்பதுபோல் ஒட்டலாம் என்பதைப் பாரிஸ் நகரில் ஜாக் ரெவர்தென் 1869-இல் காட்டினார். இன்று செய்யப்படுவது அதன் வளர்ச்சியே.

ஒட்டப்பட்ட தோலுக்கு வந்து சேரும்போது சொந்தமாக இரத்த ஓட்டம் கிடையாது. முதல் இரண்டு நாட்கள் காயத்தின் தரையில் ஊறும் நீரை உறிஞ்சியே அது உயிர்வாழ்கிறது. பிறகு தரையிலுள்ள நுண்குழாய்கள் தோலிலுள்ள நுண்குழாய்களைத் தேடித் தொடுகின்றன. ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு நாட்களில் புதுக்குழாய்கள் உள்ளே வளர்ந்து, இரத்தம் ஓடத் தொடங்குகிறது. அதற்குள் தோல் சற்று நகர்ந்தாலும், அடியில் இரத்தமோ சீழோ தேங்கினாலும், அந்த இணைப்பு அறுந்துவிடும். மாவுக்கட்டுப் போட்டு, பிள்ளையைப் படுக்கையை விட்டு இறங்கவிடாமல் மருத்துவர் கண்டிப்புக் காட்டுவது இதற்காகத்தான். நாற்று நட்ட வயலில் வேர்பிடிக்கும்வரை யாரேனும் கால் வைப்பார்களா? பார்க்க வருகிற உறவினர், "கட்டை அவிழ்த்துக் காட்டு" என்று கேட்பதும், பிள்ளை அழுகிறதே என்று தூக்கிக்கொண்டு நடப்பதும், நட்ட நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

ஒட்டுவதற்கு முன் காயத்தின் தரை இரத்தச் செழிப்போடு சிவந்து, சுத்தமாக இருக்க வேண்டும். அதற்காகவே சில பிள்ளைகளை இரண்டு மூன்று முறைகூட அறுவை அறைக்குக் கொண்டுசென்று காயத்தைத் துப்புரவாக்குகிறார்கள். மேற்சவ்வு உரிந்த எலும்பின்மீதும், உறை இழந்த தசைநாணின்மீதும் மெல்லிய தோல் ஒட்டாது. உறிஞ்ச அங்கே நீரில்லை. அவ்விடங்களில் தோலோடு கொழுப்பையும் இரத்தக் குழாயையும் சேர்த்து, அருகிலிருந்து மடலாகத் திருப்பி மூடுவார்கள். அல்லது உடலின் வேறோரிடத்திலிருந்து எடுத்து, நுண்ணோக்கியின் உதவியால் குழாயோடு குழாயைத் தைத்து இணைப்பார்கள். சென்னை ஸ்டான்லி, வேலூர் சி.எம்.சி., கோவை கங்கா ஆகிய மருத்துவமனைகள் இத்தகைய சீரமைப்பு அறுவையில் பெயர்பெற்றவை. பைல் நாட்டுப் பையனுக்கு எலும்பு வெளிப்படவில்லை என்று தகப்பனார் எழுதியிருப்பதால், மெல்லிய ஒட்டே போதுமானதாயிற்று என்று கொள்ளலாம்.

முள் குத்தினாலும் அழாத பிள்ளை

இப்போது அந்தக் கடைசி வரிக்கு வருகிறேன். ஒட்டிய தோலில் முள் குத்தினாலும் பையன் அழுவதில்லை. தோல் உரத்துவிட்டதால் அன்று, அங்கே உணர்வு இல்லாததால்தான் அவன் அழவில்லை. தொடையிலிருந்து சீவியெடுக்கப்பட்டபோதே அத்தோலின் நரம்பு முனைகள் அறுந்துவிட்டன. புதுநரம்புகள் அடியிலிருந்து மெல்ல ஊர்ந்து வளர மாதங்களும் ஆண்டுகளும் ஆகின்றன. அப்போதும் பழைய உணர்வு முழுமையாகத் திரும்புவதில்லை. ஆகவே அந்தப் பிள்ளை வலியென்னும் காவற்காரன் இல்லாத ஒரு பாதத்தோடு, கல்லும் முள்ளும் நிறைந்த மலைப்பாதையில் ஓடுகிறான்.

வலி இல்லாமை எவ்வளவு பெரிய ஆபத்து என்பதை உலகுக்குக் கற்பித்தவர் இதே கொல்லிமலையில் வளர்ந்த ஒருவர் என்பதை நம் மலைமக்களிலேயே பலர் அறியமாட்டார்கள். பைல் நாட்டைப்போலக் கொல்லிமலையின் 14 நாடுகளுள் ஒன்றான வாழவந்தி நாட்டில், 1913-இல் மணமுடித்த ஜெஸி பிராண்டும் எவ்லின் அம்மையாரும் குடியேறினர். அவர்கள் பிரிந்த சகோதரர் சபையைச் சேர்ந்த ஆங்கிலேயர். ஆனாலும் அவர்கள் இம்மலைக்குச் செய்த தொண்டு நமக்கெல்லாம் பொதுவானது. அக்காலத்தில் குடிதண்ணீர் வழியாகப் பரவிக் கால்களிலும் பாதங்களிலும் வெளிப்பட்ட நரம்புச் சிலந்தி, மலைமக்களைப் பெரிதும் வாட்டிற்று. புண்ணிலிருந்து அந்நீண்ட புழுவை அறுந்துவிடாமல், ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். அந்தப் பொறுமையான வேலையை ஜெஸி பிராண்ட் செய்தார். 1929-இல் காய்ச்சலால் மலையிலேயே இறந்தார். அவருடைய மனைவி முதுமையிலும் மலைக்குத் திரும்பி வந்து தொண்டாற்றி, 1974-இல் 95 வயதில் காலமாகி, கணவரின் கல்லறைக்கருகே அடக்கம் செய்யப்பட்டார். நரம்புச் சிலந்தி நோய் 1996-க்குப் பின் இந்தியாவில் எவருக்கும் காணப்படவில்லை. 2000-இல் உலக சுகாதார நிறுவனம் நம் நாட்டை அந்நோயற்றதென அறிவித்தது.

அவர்களுடைய மகன்தான் டாக்டர் பால் பிராண்ட். 1914-இல் பிறந்து, ஒன்பது வயதுவரை இம்மலையில் வளர்ந்தவர். இலண்டனில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய கைகளையும் தேய்ந்த பாதங்களையும் கண்டு, இது ஏன் நேர்கிறது என்று வினவத் தொடங்கினார். நோயே விரல்களைத் தின்றுவிடுகிறது என்றுதான் அதுவரை பலரும் எண்ணினர். அவர் கண்ட உண்மை வேறு. நோய் நரம்பைக் கொன்று உணர்வைப் பறிக்கிறது. உணர்விழந்த விரலை அடுப்பு நெருப்பும், கருவியின் கைப்பிடியும், இரவில் எலியும் சிதைக்கின்றன. அதற்குரியவருக்கு அது தெரிவதேயில்லை. ஒருமுறை துருப்பிடித்த பூட்டைத் திறக்க முடியாமல் அவர் திணறியபோது, தொழுநோயுற்ற ஒரு சிறுவன் சாவியை வாங்கி எளிதாகத் திருகிவிட்டானாம். பார்த்தால் அவன் விரல் எலும்பு தெரியுமளவு கிழிந்து இரத்தம் வடிந்துகொண்டிருந்தது. அவனோ அதை உணரவேயில்லை. அச்சிறுவனின் பலமென்று தோன்றியது உண்மையில் அவனுடைய இழப்பே.

பால் பிராண்டும் அவருடைய குழுவினரும் வேலூரிலும், 1955-இல் தொடங்கப்பட்ட கரிகிரி மருத்துவமனையிலும் இந்நோயாளிகளுக்குக் கற்பித்த பாடம் மிக எளியது. உணர்வு செய்யாத வேலையைக் கண் செய்ய வேண்டும். நாள்தோறும் மாலையில் பாதத்தைக் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு, சூடு, வீக்கம், கொப்புளம், வெடிப்பு எதுவாயினும் கண்டால் அந்தக் காலுக்கு ஓய்வு தர வேண்டும். மெத்தென்ற ரப்பர் அடித்தளம் கொண்ட செருப்பை அணிய வேண்டும். இவ்வளவே. இதனால் எத்தனையோ பாதங்கள் காப்பாற்றப்பட்டன. 2003-இல் மறைந்த அப்பெரியார், வலியை மனிதனுக்குக் கிடைத்த ஒரு கொடையென்றே தம் வாழ்நாள் முழுவதும் எடுத்துரைத்தார்.

பைல் நாட்டுப் பையனுக்குத் தொழுநோய் இல்லை. ஒட்டுத்தோல் தொற்றுநோயும் அன்று. இதை அண்டை வீட்டாரும் பள்ளிப் பிள்ளைகளும் நன்றாய் அறிந்துகொள்ள வேண்டும். ஆனால் உணர்வு குறைந்த பாதம் எதுவாயினும் அதற்குரிய விதி ஒன்றே.

மலையிறங்கத்தான் வேண்டுமா?

ஆம், இறங்கத்தான் வேண்டும். அதற்குக் காரணங்கள் உண்டு. ஒட்டிய தோல் முதல் ஆறு மாதம் முதல் ஓராண்டுவரை சுருங்கும் தன்மையுடையது. பிள்ளையின் பாதமோ வளர்கிறது. எட்டு வயதுப் பாதம் இன்னும் பல ஆண்டுகள் நீண்டுகொண்டே போகும். வளராத தோல் வளரும் எலும்பை இழுத்துப் பிடிக்கும்போது, கணுக்கால் மடங்காமல் போகும். விரல்கள் மேல்நோக்கித் திரும்பிவிடும். இது ஒரே நாளில் நிகழ்வதில்லை. ஆகவே வீட்டிலிருப்போர் கண்ணுக்குப் புலப்படுவதுமில்லை. மாதமொருமுறை பார்க்கும் மருத்துவரின் கண்ணுக்கு அது முன்னதாகவே தெரியும். தாங்கு பலகை, பயிற்சி, இறுக்கக் காலுறை ஆகியவற்றால் ஆரம்பத்திலேயே சரிசெய்துவிடலாம். விட்டுவிட்டால் பின்னர் மற்றோர் அறுவை தேவைப்படும். ஒட்டிய இடத்தில் அடிக்கடி புண்ணாகி, ஆண்டுக்கணக்கில் ஆறாமலிருந்தால், அரிதாக அது புற்றாகவும் மாறக்கூடும். இவற்றோடு ஒப்பிட்டால் ஒரு நாள் கூலி பெரிதா என்று பெற்றோரே எண்ணிப் பார்க்கட்டும்.

ஆனால் அந்த ஒரு நாள் கூலி ஏழைக் குடும்பத்திற்கு உண்மையிலேயே பெரிது. அதைச் சுமக்க வேண்டியது அக்குடும்பம் மட்டும்தானா? ஓர் உறுப்பு துன்புற்றால் உடல் முழுவதும் துன்புறும் என்று புனித பவுலடியார் கற்பித்ததை நாம் கோவிலில் கேட்கிறோம். ஊருக்கு ஒரு பிள்ளை இவ்வாறு சிகிச்சையில் இருந்தால், அன்பியத்தார் மாதத்திற்கு ஒருவராக முறைவைத்துத் துணைக்குச் செல்லலாம். பேருந்துக் கட்டணத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். மருத்துவர் குறித்துக் கொடுத்த நாளை வீட்டு நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தால், அந்நாளில் வேறு வேலையை ஒப்புக்கொள்ள மாட்டீர்கள்.

அந்தத் தாய்மாமனைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளையை அன்போடு வண்டியில் ஏற்றிச் சென்றவர், வேண்டுமென்று காலைச் சக்கரத்தில் விடவில்லை. அவரை அழையுங்கள். தங்கை வீட்டு வாசலில் நிற்கும் அச்சத்தை அவர் மனத்திலிருந்து அகற்றுங்கள். அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் பிள்ளையை அழைத்துச் செல்லும் பொறுப்பை அவரிடமே கொடுங்கள். பழி சுமத்தி ஒதுக்கிவைத்தால் ஓர் உறவு கறுத்துப்போகும். பொறுப்புக் கொடுத்து அணைத்தால் அது மீண்டும் உயிர்பிடிக்கும்.

கோபத்தைக் காட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. அது மூடப்படாத சக்கரம். பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாத பகுதியை மூடும் காப்பும், பின்னிருப்போருக்குக் கைப்பிடியும் கால்வைக்கும் கட்டையும் மோட்டார் சைக்கிளில் இருக்க வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளிலேயே உள்ளது. அழகுக்காகச் 'சாரி கார்டை'க் கழற்றிவிடுகிற இளைஞர்களே, நீங்கள் கழற்றுவது ஒரு பிள்ளையின் குதிகாலுக்குரிய கவசம். கால்கட்டைக்குக் கால் எட்டாத குழந்தையைப் பின்னால் தனியே உட்கார வைக்கலாகாது. மிதிவண்டியின் பின்னால் உட்காரும் பிள்ளைக்கும் இதே ஆபத்து உண்டு. சக்கரத்தின் இருபுறமும் வலையோ தகடோ அடித்துவிடுங்கள். எங்கே போனாலும் பிள்ளைக்குச் செருப்பு இருக்கட்டும்.

நிறைவாக, ஒட்டுத்தோல் உள்ள பிள்ளை இருக்கும் வீட்டார் அனைவரும் நாள்தோறும் செய்யக்கூடிய ஒரு கடமையைச் சொல்கிறேன். மாலையில் குடும்ப செபத்திற்கு உட்காருமுன், பிள்ளையை ஒரு பலகையில் அமர்த்துங்கள். வெந்நீரின் சூட்டை முதலில் உங்கள் முழங்கையால் சோதித்துப் பாருங்கள். பிள்ளையின் பாதத்திற்கு அது தெரியாது. வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, விரலிடுக்குகளையும் துடைத்து, விளக்கைக் கிட்டே வைத்து அடிப்பாதத்தையும் பக்கங்களையும் பாருங்கள். முள்ளோ வெடிப்போ கொப்புளமோ உண்டா என்று தேடுங்கள். ஒட்டிய தோலில் எண்ணெய்ச் சுரப்பி இயங்குவதில்லை. ஆகவே தேங்காயெண்ணெய் தொட்டு மெல்லத் தேய்த்துவிடுங்கள். செருப்பினுள்ளே கையைவிட்டுக் கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். புண் எதையேனும் கண்டால் மறுநாள் அக்காலை ஊன்றி நடக்கவிடாதீர்கள். மூன்று நாட்களில் ஆறாவிட்டால் குறித்த நாள்வரை காத்திராமல் மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஐந்து நிமிட வேலை இது. பெரிய வியாழனன்று நமதாண்டவர் தம் சீடர்களின் பாதங்களைக் கழுவியதை ஆண்டுக்கொரு முறை கோவிலில் கண்டு நெஞ்சுருகுகிறோம். அதே பணியை ஆண்டு முழுவதும் தம் வீட்டிலேயே செய்யும் பேறு இப்பெற்றோருக்கு வாய்த்திருக்கிறது. பிள்ளையின் பாதம் உணராததைப் பெற்றோரின் விரல்கள் உணரட்டும். வளர்ந்து ஆளானபின் அவனே தன் பாதத்தைப் பார்த்துக்கொள்ளப் பழகிக்கொள்வான். அதுவரை பார்க்க வேண்டியவர்கள் நீங்கள்.